செத்துவிட்டது என்று நான் சொன்ன வேலி

செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த முள் குச்சியை என் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், இது செத்துப்போச்சுங்களா?"

சித்திரை மாதம். துடியலூரில் எங்கள் தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொள்ளும் வெயில். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளகோவிலைத் தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். பெயர் பழனாத்தாள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அந்த வெயிலில் வந்தும் ஒருவர் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் கோபமாக வந்திருக்கிறார் என்று அர்த்தம். குரல் உயராது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார்கள். கோபம் ஏற ஏற அந்த 'ங்க' கூடிக்கொண்டே போகும்.

குச்சியை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். ஓர் இலை கிடையாது. கிளை நுனி முள்ளாக முடிந்திருந்தது. மேல்பட்டை மெல்லிய காகிதமாக உரிந்து தொங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். யோசிக்காமல் பதில் சொன்னேன்.

"காய்ஞ்ச குச்சிதானுங்களே."

"அப்படித்தானுங்க போன்லயும் எழுதியிருந்தீங்க. நேர்ல ஒருக்கா கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

எந்தப் போன், எப்போது எழுதினேன் என்று ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்லூரித் தோட்டத்துச் செம்பருத்தியைப் பற்றி எழுதியிருந்தேன். 'செடியைப் பற்றி எழுதும்போதுகூட ஏனம்மா இவ்வளவு கோபம்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரமும் கோபம்தான். ஆனால் இதில் சரிபாதி என்மேலேயே எனக்கு வந்தது. அதனால்தான் இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன்.

ஆறு கண்டமும் ஒரே தோட்டத்தில்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒருவர் தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு வெள்ளகோவில் பக்கம் பெரிதாக நிலம் வாங்கினார். பெயர் வேண்டாம், முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். மரியாதையான மனிதர். உலகத்துச் செடிகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. 'உலகத் தாவரத் தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைப்பானேன்? ஓய்வு பெற்ற வாத்தியாரை யார் தேடி வருகிறார்கள்? நான் விழுந்து விழுந்து எழுதினேன்.

மடகாஸ்கர் விசிறி வாழைக்கு, 'பார்க்கப் பனை போல இருக்கும், பனையும் அல்ல வாழையும் அல்ல. இலையெல்லாம் ஒரே தளத்தில் விசிறியாக விரியும். விதையைச் சுற்றி நீல நிறத்தில் ஓர் உறை இருக்கும்' என்று எழுதினேன். பிலிப்பைன்ஸ் பக்கத்து வானவில் யூகலிப்டசுக்கு, 'பட்டை உரிய உரிய உள்ளே பச்சை தெரியும், அதுவே போகப் போக நீலம், ஊதா, ஆரஞ்சு என்று மாறும்' என்று எழுதினேன். ஆப்பிரிக்கப் பெருக்க மரத்துக்கு, 'அடிமரத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியில் இலை இல்லாமல் நிற்கும்' என்று எழுதினேன். எல்லாப் பலகையிலும் கீழே சின்ன எழுத்தில் என் பெயர் இருந்தது.

வாசலில் மட்டும் நான் எழுதாத ஒரு பலகை இருந்தது. 'பயனற்றுக் கிடந்த தரிசு நிலம், இன்று உலகச் சோலை.' நான் அதைப் படித்தேன், உள்ளே போனேன், கொடுத்த இளநீரைக் குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அது தரிசு அல்ல, கொரங்காடு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மழை குறைந்த எங்கள் கிழக்குப் பக்கத்தில் ஆடு மாடு மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பேணி வரும் புல்காடு அது. கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை என்ற முள்செடியால் வேலி. காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் வரை ஆள் நிற்க வேண்டியதில்லை. வேலி பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல் காங்கேயம் மாட்டை வளர்த்த நிலத்துக்குப் 'பயனற்றது' என்று பெயர். அங்கேயே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி மழைக்காட்டுச் செடி வளர்த்தால் அதற்குச் 'சோலை' என்று பெயர். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெக்சிகோவைத் தெரிந்தவள்

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் வறண்ட நிலத் தாவரங்கள் என்று ஒரு பாடம் எடுப்பேன். அதில் மெக்சிகோப் பாலைவனத்து 'ஒக்கொட்டியோ' என்ற செடி வரும். பார்த்தால் யாரோ முள் குச்சிகளைக் கட்டி நட்டு வைத்த மாதிரி இருக்கும். மழை பெய்த சில நாளில் குச்சி முழுக்கப் பச்சை இலை வந்துவிடும். மண் காய்ந்தால் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் அதை வரிசையாக நட்டு உயிர்வேலி ஆக்குவார்கள்.

"இலை இல்லைன்னதும் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க கண்ணுகளா" என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். பரீட்சையிலும் கேட்பேன். தப்பாக எழுதினவர்களுக்கு மதிப்பெண் போட மாட்டேன்.

அந்த மெக்சிகோச் செடியை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. புத்தகத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம்தான்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. செடி சேகரிக்க டூர் போவதென்றால் மழை முடிந்த பிறகுதான் போவோம். பூ இருந்தால்தான் செடியை இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியும். இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் மேலா கீழா என்று பார்க்க வேண்டும். பூவும் இலையுமாக ஒரு கிளையை ஒடித்து, செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, ஓரத்தில் விவரம் எழுதி பீரோவில் அடுக்குவோம். ஊட்டிக்குப் போவோம், வால்பாறைக்குப் போவோம். வெள்ளகோவிலுக்கு எந்த வாத்தியார் டூர் கூட்டிப்போவார்? அதுவும் பங்குனி வெயிலில்?

ஒரே ஒரு தடவை, கரூர் போகும் வழியில் எங்கள் பஸ் டயர் பஞ்சராகி வெள்ளகோவிலுக்கு அருகில் நின்றது. ஐப்பசி மாதம், முந்தின நாள் நல்ல மழை. சாலையோரக் கிளுவை வேலி பச்சைப் பசேல் என்று இருந்தது. ஓர் இலையைக் கசக்கினேன், சாம்பிராணி வாசம் போல ஒன்று லேசாக வந்தது. வராமல் என்ன? சாம்பிராணி தரும் மரமும், அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வளரும் வெள்ளைப்போளச் செடியும், நம் கிளுவையும் ஒரே குடும்பம். அதிலும் வெள்ளைப்போளமும் கிளுவையும் கூடப்பிறந்தவை போல அவ்வளவு நெருக்கம். கிளையை ஒடித்துக் கொண்டுவந்து என் கையாலேயே அட்டையில் ஒட்டினேன். 'வேலிச் செடி. கூட்டிலை. பச்சை நிறம், நறுமணம்' என்று எழுதினேன். அத்தனை வருடமும் என் மனதில் கிளுவை என்றால் பச்சைதான்.

கல்யாண மண்டபத்தில் வந்த போட்டோ

இனி அந்தப் போன் விஷயம். பங்குனி மாதம், பீளமேட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்திக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலாளியின் தோட்டத்து மேனேஜர் தினேஷ் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். நீளமாக ஒரு முள்வேலி. மொட்டையாக, சாம்பலாக, பட்டை உரிந்து நின்றது. 'மேடம், பக்கத்துக் காட்டுக்கும் நமக்கும் நடுவுல இருக்குற வேலி. காஞ்ச மாதிரி இருக்கு. உயிர் இருக்குங்களா?'

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். இலை இல்லை, மொட்டு இல்லை. என்ன செடி என்று கேட்கத் தோன்றவில்லை. இடம் எது, மாதம் எது என்று யோசிக்கத் தோன்றவில்லை. முன்னால் இரண்டு பேர் எழுந்தார்கள், இலை போடத் தொடங்கினார்கள். 'செத்துவிட்டது. எடுத்துவிடலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பந்தியில் என்ன போட்டார்கள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த வேலியை அப்போதே மறந்துவிட்டேன்.

நகத்தால் ஒரு கீறல்

பழனாத்தாள் குச்சியை என் கையிலிருந்து வாங்கினார். உரிந்து தொங்கிய காகிதப் பட்டையை விலக்கிக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். உள்ளே பச்சை. ஈரமான, பளிச்சென்ற பச்சை.

"புடுங்கிப் போட்டு இருவது நாள் ஆச்சுங்க. வெய்யில்ல குவிச்சுப் போட்டிருக்காங்க. இன்னும் உசுரு இருக்குதுங்க" என்றார்.

இலை இல்லாத காலத்தில் அந்தப் பச்சைப் பட்டைதான் வெயிலை வாங்கி உணவு தயாரிக்கிறது. இதை நான் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

"எங்க மாமனாரு காலத்துல வெச்ச வேலிங்க. ரெண்டு பேருக்கும் பொதுவுங்க. ஒரு வார்த்தை கேக்கலீங்க. ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல புடுங்கிப்போட்டாங்க. கேட்டதுக்கு, கோயமுத்தூர் புரபசரம்மாவே செத்துப்போச்சுன்னு சொல்லிப்போட்டாங்க, நீ என்ன பெருசாப் பேசறேன்னு போனைக் காட்டுனாங்க. நான் படிக்காதவங்க. ஆனா பங்குனியில கிளுவை மொட்டையா நிக்கும்னு எங்கூட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியுமுங்க."

அதோடு முடியவில்லை. வேலி போன மறுவாரம் அவருடைய செவலை மாடு தோட்டத்துக்குள் போய் ஏதோ வெளிநாட்டுப் புல்லை மேய்ந்துவிட்டது. அதைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டார்கள். சொந்த மாட்டை அவிழ்த்துக்கொள்ள இவர் அந்தச் சோலையின் வாசலில் மத்தியானம் வரை நின்று கெஞ்சியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போகிறவர். ஆறு மாடும் இருபது ஆடும் இவர் ஒருத்தர் பொறுப்பு. வேலி இருந்தவரை மேய்ச்சல் தானாக நடந்தது. இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை கோலோடு எல்லையில் நிற்கிறார். அன்றைக்கு என்னைப் பார்க்க வந்ததுகூட மாட்டையெல்லாம் கொட்டத்தில் கட்டிப்போட்டுவிட்டுத்தான்.

"நான் பண்ணினது தப்புங்க. பாக்காமச் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

அவர் சொம்பை எடுத்து, அண்ணாந்து, முழுத் தண்ணீரையும் குடித்தார்.

"தப்புன்னு சொல்லீட்டீங்க. சரிங்க. வேலிக்கு என்னங்க பண்றது?"

தொட்டியில் ஒரு அக்கா

மறுநாளே வாடகைக் கார் பிடித்துப் போனேன். எல்லை ஓரத்தில் பிடுங்கிய கிளுவை ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அந்த வாரம் அதற்குத் தீ வைப்பதாக இருந்தார்கள். முதலாளி குடை பிடித்துக்கொண்டு வந்து வரவேற்றார்.

"நீங்க சொன்னதைத்தானுங்க மேடம் நாங்க செஞ்சோம்" என்றார்.

"அது உயிரோட இருக்குங்க. பொது வேலி வேற. அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டிருக்கலாமுங்க. ஆனா பாக்குறதுக்கு நல்லாவா இருந்துச்சு? அந்த இடத்துல பிரேசில் காகிதப்பூ வரிசையா வெக்கப் போறோமுங்க. கலர் கலரா இருக்கும்."

"காகிதப்பூச் செடி எப்பங்க வளர்ந்து மாட்டைத் தடுக்கும்?"

"மாட்டை அவங்கதானுங்க மேடம் புடிச்சுக் கட்டோணும்."

இதை அவர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். நான் அந்த வெயிலில் நின்று கத்தினேன். வாழ்நாளில் அப்படிப் பொது இடத்தில் கத்தியதில்லை. தினேஷ் என்னை நிழலுக்குக் கூட்டிப் போனார். கூட்டிப் போன இடம் அரேபியாச் செடிகளின் கூடாரம். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

தொட்டியில் ஒரு வெள்ளைப்போளச் செடி. இலை கிடையாது. சாம்பல் நிறம், நுனியில் முள், காகிதமாக உரிந்த பட்டை. வெளியே குவிந்து கிடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் சொல்லத் திணறியிருப்பேன். ஒரு பெண் அதன் தூரில் அளந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டியில் பலகை இருந்தது. 'வறண்ட காலத்தில் இலைகளை உதிர்த்துவிடும். பட்டை காகிதம் போல் உரியும், உள்ளே பச்சை இருக்கும். காய்ந்தது போல் தோன்றினாலும் இது உயிருள்ள செடி.' கீழே என் பெயர்.

அக்காவுக்குக் கூடாரம், தங்கைக்கு ஜேசிபி. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டது நான்தான். யாரைப் பார்த்துக் கத்துவது?

"இந்தப் பலகையில என் பேரு இருக்கோணும்னா அந்தக் குவியல்ல யாரும் தீ வைக்கக் கூடாது. காகிதப்பூவும் வேண்டாம். எல்லையில மறுபடியும் கிளுவைதான் வரோணும். இல்லீன்னா எல்லாப் பலகையிலயும் என் பேரை நானே சுரண்டிட்டுப் போறேன்" என்றேன், பின்னாலேயே வந்த முதலாளியிடம்.

அவர் குடையை மடக்கினார். "முள்ளைத்தானுங்களே கேக்கறீங்க, அந்தம்மா எடுத்து நட்டுக்கட்டுமுங்க" என்றார், ஏதோ தானம் செய்கிறவர் போல. பழனாத்தாளின் வேலியைப் பிடுங்கி அவருக்கே தானம்! அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சித்திரை முடிவதற்குள் ஒரு கோடை மழை. மறுவாரம் பழனாத்தாள் போன் செய்தார். "டீச்சர், குவியல்ல துளுத்துருச்சுங்க!" வேர் அறுந்து, வெயிலில் காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடந்த குச்சிகளில் மூன்று மூன்றாக இலை. அதை முழ நீளத்துக்கு மேல் வெட்டி, எல்லை நெடுக நெருக்கி நட்டார். நானும் இரண்டு நாள் போய் நட்டேன். என் விரல்களில் முள் ஏறாத இடம் இல்லை. எனக்கு வேண்டியதுதான்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. பாதிதான் பிடித்தது. பிடித்ததும் மாட்டைத் தடுக்கும் அளவுக்கு அடர வருடங்கள் ஆகும். அதுவரை ஒருத்தர் ஆறு மாட்டையும் பார்க்க முடியாது. ஆடியில் அந்தச் செவலையையும் இன்னொன்றையும் அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிப் போனார். 'வித்துப்போட்டேனுங்க' என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு மாட்டுக்கும் நான் இன்றுவரை எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை.

அட்டையில் ஒட்டிய சீட்டு

எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உலர்ந்த செடி ஒட்டிய அட்டையில் தப்பாகவோ குறையாகவோ எழுதியிருந்தால் அதை அழிக்கக் கூடாது. பழைய எழுத்து அப்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டித் திருத்தத்தை எழுதி, எழுதியவர் பெயரையும் போட வேண்டும். நூறு வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கும் யார் எங்கே தவறினார் என்று தெரியும்.

கல்லூரிக்குப் போனேன். பீரோவில் என் பழைய கிளுவை அட்டையை எடுத்தேன். பழனாத்தாள் என் மேசையில் விட்டுப் போன மொட்டைக் குச்சியை, நகக் கீறல் தெரியும்படி, இலைக் கிளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தேன். சீட்டில் எழுதினேன்: 'பங்குனியில் இந்தச் செடி இப்படி இருக்கும். உயிரோடு இருக்கும். இதைச் செத்துவிட்டது என்று சொல்லி வேலியோடு பிடுங்க வைத்தவள் நான். காட்டியவர் பழனாத்தாள், வெள்ளகோவில்.' கையெழுத்துப் போட்டேன். இப்போது அங்கே இருக்கும் துறைத்தலைவி, என் பழைய மாணவி, "இப்படியெல்லாம் எழுதணுமா மேடம்?" என்று தயங்கினாள். எழுதணும் என்றேன்.

சில கோடைகள் கடந்துவிட்டன. வேலி இடுப்பு உயரம் வந்திருக்கிறது. வாசல் பலகையில் அந்தத் 'தரிசு நிலம்' அப்படியே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் முதலாளியிடம் சண்டை போடுகிறேன், அவர் சிரிக்கிறார். நான் விடுவதாக இல்லை.

வருடா வருடம் பங்குனி பிறந்ததும் என் போனுக்கு ஒரு போட்டோ வரும். நீளமாக ஒரு மொட்டை வேலி. சாம்பலாக, பட்டை உரிந்து நிற்கும். கீழே ஒரே வரி. இந்த வருடமும் வந்தது.

'செத்துப்போச்சுங்களா டீச்சர்?'

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பதில் எழுதினேன்.

'நேர்ல வாரேனுங்க.'